உங்களுக்கு வந்தா ரத்தம், அடுத்தவங்களுக்கு வந்தா தக்காளிச் சட்னியா?



"இப்பல்லாம் ஒரு வார்த்தை பேச முடியலைங்க. உடனே கும்பலா கிளம்பி வந்துடறாங்க. கேன்சல் கல்ச்சர் நாட்டையே கெடுத்துடுச்சு."

இந்த ஒப்பாரியை டிவி விவாதத்திலும் கேட்கிறீர்கள், எக்ஸ் தளத்திலும் கேட்கிறீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் கேட்கிறீர்கள். ஒப்பாரி வைப்பது யார் என்று மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். சாதிப் பெருமை பேசி மாட்டிக்கொண்டவர், பெண்களைப் பற்றிக் கேவலமாக எழுதி மாட்டிக்கொண்டவர், பாலியல் புகாருக்கு ஆளானவருக்கு வக்காலத்து வாங்குபவர். இவர்களை நாலு பேர் கேள்வி கேட்டால் அது "கேன்சல் கல்ச்சர்". இவர்களே நாலாயிரம் பேராகச் சேர்ந்து ஒரு எழுத்தாளரையோ பாடகியையோ விரட்டினால் அதற்குப் பெயர் "மக்களின் உணர்வு".

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்தக் கதைதான்.

இந்தப் பதிவு அவர்களைத் திட்ட மட்டும் எழுதியது இல்லை. நமக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் நம் எதிரிக்கும் பொருந்த வேண்டும், நமக்கும் பொருந்த வேண்டும். நீளமான பதிவுதான். கடைசி வரை படியுங்கள், உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று கடைசியில் இருக்கிறது.

■ முதலில் நாலு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம்

ஒன்று, விமர்சனம். "நீ சொன்னது தப்பு, இதனால் தப்பு" என்று சொல்வது. எவ்வளவு காட்டமாகச் சொன்னாலும் அது உரிமை.

இரண்டு, புறக்கணிப்பு. "உன் படத்தைப் பார்க்க மாட்டேன், உன் பொருளை வாங்க மாட்டேன்." இதுவும் உரிமைதான். அந்நியத் துணியைப் புறக்கணித்து வளர்ந்த அரசியல் நம்முடைய நாட்டு அரசியல்.

மூன்று, மிரட்டலும் கும்பல் தாக்குதலும். வீட்டு முகவரியைப் போடுவது, பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்வது, குழந்தையைச் சொல்லி மிரட்டுவது, சாதியைச் சொல்லித் திட்டுவது. இது உரிமை இல்லை, குற்றம்.

நான்கு, அரசு அதிகாரம். போலீஸ், வழக்கு, சிறை, தடை.

விவாதத்தில் நடக்கும் மோசடியே இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் இருக்கிறது. தனக்கு முதலாவது நடந்தால் "ஐயோ, கேன்சல் பண்றாங்க" என்று கத்துகிறார்கள். அடுத்தவருக்கு மூன்றாவதும் நான்காவதும் நடந்தால் "கருத்து சொன்னா எதிர்வினையைச் சந்திச்சுத்தான் ஆகணும்" என்று உபதேசம் செய்கிறார்கள்.

■ உண்மையில் "கேன்சல்" ஆனது யார்?

பெருமாள்முருகனை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010-இல். நாலு வருடம் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள், அடுத்த மாதம் கடையடைப்பு நடத்தினார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் "அமைதிப் பேச்சுவார்த்தை" என்ற பெயரில் ஒரு எழுத்தாளரை உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே தன் ஃபேஸ்புக் பக்கத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நாவலைத் தடை செய்ய மறுத்து, அவர் மீண்டும் எழுத வேண்டும் என்று சொல்லும் வரை அவர் மௌனமாகத்தான் இருந்தார். ஒரு மனுஷன் தன்னைத்தானே செத்துப்போனதாக அறிவிக்க வைத்ததைவிடப் பெரிய "கேன்சல்" உண்டா? அன்றைக்கு இந்த வார்த்தையை ஒருத்தரும் சொல்லவில்லையே, ஏன்?

முனாவர் ஃபாரூக்கி என்ற ஸ்டாண்ட்-அப் காமெடியனை 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் நிகழ்ச்சியின் நடுவே நிறுத்திக் கைது செய்தார்கள். பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. ஒரு மாதத்துக்கு மேல் சிறை. வெளியே வந்த பிறகும் ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்து. அதே வருடம் நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சியும் ரத்தானபோது, வெறுப்பு ஜெயித்தது, கலைஞன் தோற்றான் என்று எழுதிவிட்டு ஓய்ந்துபோனார். "காமெடியனை ஏன்யா அரசியலாக்கறீங்க, ஜோக்கை ஜோக்கா பாருங்க" என்று தங்களுக்குப் பிடித்த காமெடியனுக்காகப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள், இந்தக் காமெடியனுக்காக ஒரு வரி எழுதினார்களா?

2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் போட்டது. இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்துகிறார், அவ்வளவுதான் கதை. எதிர்ப்பு கிளம்பியதும் தங்கள் ஊழியர்களின் பாதுகாப்பையும் காரணமாகச் சொல்லி அந்த நிறுவனம் விளம்பரத்தை எடுத்துவிட்டது. நகை வாங்காமல் இருப்பது புறக்கணிப்பு. கடையில் வேலை பார்க்கும் பையனும் பெண்ணும் பயப்படும் நிலையை உண்டாக்குவது வேறு.

நயன்தாராவின் 'அன்னபூரணி'. தணிக்கைச் சான்றிதழ் வாங்கி 2023 டிசம்பரில் தியேட்டரில் ஓடிய படம். ஓ.டி.டி.யில் வந்த பிறகு புகார், வழக்கு. 2024 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் படத்தையே தூக்கிவிட்டது. பிடிக்காதவர்கள் ரிமோட்டை அமுக்கி வேறு படம் பார்த்திருக்கலாம். ஆனால் நீங்களும் பார்க்கக் கூடாது, நானும் பார்க்கக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. கேட்டது கிடைத்தது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதில் எந்த ஆட்சியும் சுத்தம் இல்லை. 2013-இல் 'விஸ்வரூபம்' படத்துக்கு மாநில அரசே 144 போட்டுத் தடை விதித்தது. பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை ஸ்தம்பித்ததைப் பற்றி 2012-இல் ஃபேஸ்புக்கில் எழுதியதற்கும், அதை லைக் போட்டதற்கும் பால்கர் நகரில் இரண்டு இளம்பெண்கள் கைதானார்கள். அப்போது மகாராஷ்டிராவில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. ஆட்சியில் யார் இருந்தாலும் இந்த வியாதி வருகிறது. அதனால்தான் ஆளைப் பார்க்காத ஒரு அளவுகோல் வேண்டும் என்கிறோம்.

■ டி.எம். கிருஷ்ணா விவகாரம்: அளவுகோலைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

2024 மார்ச்சில் மியூசிக் அகாடமி டி.எம். கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவித்தது. பெரியாரைப் போற்றுகிறார், சங்கீத உலகின் சாதியைப் பற்றிப் பேசுகிறார் என்பதற்காகச் சில முன்னணிக் கலைஞர்கள் அந்த வருட விழாவில் பாட மாட்டோம் என்று விலகினார்கள்.

இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் விலகியது அவர்களுடைய உரிமை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாட வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. அவர்கள் சொன்ன காரணங்களை நாம் எதிர்க்கிறோம், கடுமையாக எதிர்க்கிறோம். ஆனால் அந்த உரிமையை மறுக்கவில்லை.

நம் கேள்வி வேறு. ஒரு கலைஞரின் அரசியல் பிடிக்கவில்லை என்பதற்காக மேடையைப் புறக்கணிப்பது சரி என்றால், நாளைக்கு ஒரு சாதிவெறிப் பேச்சாளர் வரும் கல்லூரி விழாவை மாணவர்கள் புறக்கணித்தால் அதுவும் சரிதானே? அப்போது மட்டும் "கேன்சல் கல்ச்சர்", "சகிப்புத்தன்மை இல்லை" என்று ஏன் தலையங்கம் எழுதுகிறீர்கள்? நீங்க விலகினா கொள்கை, நாங்க விலகினா வெறுப்பா?

இப்படித்தான் வாதம் செய்ய வேண்டும் தோழர்களே. எதிராளியின் உரிமையை ஒப்புக்கொண்டு, அதே உரிமையை நமக்கும் கேட்பது. அதைவிட்டு அந்தக் கலைஞர்களின் குடும்பப் படத்தைத் தேடி எடுத்து மீம் போட்டால், நியாயம் அந்த நிமிஷமே நம் கையைவிட்டுப் போய்விடும்.

■ புகார் சொன்னவருக்கு என்ன நடந்தது?

2018 அக்டோபரில் மீ டூ இயக்கம் தமிழ்நாட்டுக்கு வந்தது. பாடகி சின்மயி வெளிப்படையாகப் பேசினார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். அது விசாரணை முடிவு செய்ய வேண்டிய விஷயம். ஆனால் அடுத்த மாதமே டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது யார்? சின்மயி. சந்தா கட்டவில்லை என்று சங்கம் காரணம் சொன்னது. தமிழில் அவருடைய டப்பிங் குரல் மறுபடி பெரிய அளவில் பேசப்பட்டது 2023-இல் 'லியோ' வந்தபோது.

"மீ டூவால் ஆண்களின் வாழ்க்கையே அழிந்துவிட்டது" என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த ஊரில் வேலையை இழந்தது யார் என்று பார்த்தால் புகார் சொன்னவர்தான். சின்மயியின் எல்லாக் கருத்தோடும் நாம் உடன்பட வேண்டியதில்லை. அவருடன் நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்தக் கணக்கு அதனால் மாறாது.

■ ஆன்லைன் வன்முறை யாரைத் தேடிப் போகிறது?

"எல்லாருக்கும்தானே ட்ரோல் வருது, இதுல என்ன சாதி, மதம், ஆண், பெண்?" என்று கேட்கிறார்கள். பார்ப்போம்.

2021 ஆகஸ்ட் 4. டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா தோற்றது. ஆடியது ஒரு அணி. ஆனால் ஹரித்வார் மாவட்டத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால்தான் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். சில நாள் முன்புதான் அவர் ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்த முதல் இந்திய வீராங்கனை ஆகியிருந்தார். ஜெயித்தால் இந்தியாவின் மகள். தோற்றால் தலித் பெண்.

அதே வருடம் அக்டோபர் 24. டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. பதினோரு பேர் தோற்ற ஆட்டத்தில் "துரோகி" பட்டம் கிடைத்தது முகமது ஷமிக்கு மட்டும். கேப்டன் விராட் கோலி ஷமிக்கு ஆதரவாகப் பேசினார். உடனே கோலியின் கைக்குழந்தைக்கு எதிராக மிரட்டல் வந்தது. ஒரு வயதுகூட நிறையாத குழந்தை!

2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்', 2022 புத்தாண்டு அன்று 'புல்லி பாய்'. முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்துப் போட்டு "ஏலம்" விட்டார்கள். பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள், மாணவிகள். முதல் முறை நடந்தபோதே பெண்கள் போலீஸில் புகார் கொடுத்தார்கள். கைது நடந்தது ஆறு மாதம் கழித்து, இரண்டாவது முறையும் நடந்த பிறகுதான். ஒரு ட்வீட்டுக்கு நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டத் தெரிந்த போலீஸுக்கு இதற்கு மட்டும் ஆறு மாதம்.

நம் ஊருக்கு வருவோம். 2024 நவம்பரில் பாடகி இசைவாணியின் சில வருடங்களுக்கு முந்தைய பாடல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். கோயில் நுழைவு உரிமை பற்றிய பாடல். அதைப் பற்றி விமர்சனம் வரலாம், மனம் புண்பட்டவர்கள் சொல்லலாம். ஆனால் வந்தது என்ன? கொலை மிரட்டல், ஆபாசம், சாதி வசவு. பாட்டைப் பற்றிப் பேசியவர்களைவிட, பாடியவர் யார் வீட்டுப் பெண் என்று பேசியவர்கள்தான் அதிகம்.

'ஜெய் பீம்' வந்த 2021 நவம்பரை நினைத்துப் பாருங்கள். ஒரு காட்சியில் இருந்த காலண்டரைப் பற்றி ஆட்சேபம் வந்தது. படக்குழு அதை மாற்றியது. விமர்சனம், பதில், திருத்தம், முறையாக நடந்தது. அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சூர்யாவை உதைத்தால் ஒரு லட்சம் என்று ஒரு கட்சியின் மாவட்ட நிர்வாகியே அறிவித்தார். ஒரு நடிகரின் வீட்டு வாசலில் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து எந்த நெறியாளரும் "கேன்சல் கல்ச்சர் பற்றிப் பேசுவோம்" என்று ஆரம்பிக்கவில்லை.

■ "ஃபார்வர்டுதானே பண்ணேன்"

2018 ஏப்ரலில் எஸ்.வி. சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் ஃபார்வர்டு செய்துவிட்டேன் என்று சொன்னார், மன்னிப்பும் கேட்டார். 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றமும் 2025 ஜனவரியில் அதை உறுதி செய்தது.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடிய தோழர்கள் அதன் பாடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பகிர்வதும் பேசுவதுதான். "நான் எழுதலை, ஷேர்தான் பண்ணேன்" என்பது அவருக்கும் சாக்கு இல்லை, நமக்கும் சாக்கு இல்லை. குரூப்பில் வந்ததை அப்படியே தட்டிவிடுகிற நம் விரலுக்கும் பொறுப்பு உண்டு.

■ இனி நம் பக்கம் திரும்புவோம்

இதுவரை படித்ததெல்லாம் உங்களுக்கு இனிப்பாக இருந்திருக்கும். இனிக் கொஞ்சம் கசக்கும்.

தமிழிசை சௌந்தரராஜன். அவருடைய அரசியலை நாம் எதிர்க்கிறோம், எதிர்ப்போம். ஆனால் வருடக்கணக்கில் அவருடைய தலைமுடியையும் நிறத்தையும் உயரத்தையும் வைத்து வந்த மீம்கள் எந்த அரசியலை எதிர்த்தன? நிறத்தைக் கேலி செய்வது யாருடைய வேலை? கறுப்பு என்றால் இழிவு என்பது நாம் உடைக்க வந்த கருத்து. அதையே எடுத்து எதிராளி மீது வீசினால், அது போகிற வழியில் நம் வீட்டுப் பெண்கள் மேலும் பட்டுக்கொண்டேதான் போகும்.

அதே தமிழிசை பயணம் செய்த விமானத்தில் 2018 செப்டம்பரில் ஒரு மாணவி பா.ஜ.க. அரசுக்கு எதிராகக் கோஷம் போட்டார். தூத்துக்குடியில் இறங்கியதும் அந்த மாணவி கைது. பல வருடம் கழித்து 2023-இல்தான் உயர்நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அந்தக் கைது அநியாயம். அந்தக் கேலியும் அநியாயம். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்தால்தான் நம் கையில் இருப்பது அளவுகோல். ஒன்றை மட்டும் சொன்னால் அது வெறும் கட்சிக் கொடி.

இன்னொரு உதாரணம், இன்னும் கடினமானது. 2020 அக்டோபரில் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைக் கதையான '800' படத்தில் விஜய் சேதுபதி நடிக்கப் போகிறார் என்ற அறிவிப்பு வந்தது. 2009-ஐ மறக்க முடியாத தமிழர்கள் கொதித்தார்கள். "நடிக்காதீர்கள்" என்று இயக்குநர்களும் கவிஞர்களும் உரிமையோடு கேட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, வலி இருந்தது. கடைசியில் முரளிதரனே கேட்டுக்கொள்ள, விஜய் சேதுபதி விலகினார்.

ஆனால் அதே நாட்களில், தமிழ் உணர்வின் பெயரால், விஜய் சேதுபதியின் மகளுக்குப் பாலியல் வன்முறை மிரட்டல் விடுத்து ஒருவன் ட்வீட் போட்டான். சின்னப் பெண்! போலீஸ் வழக்குப் பதிந்தது. அதற்குப் பிறகு விவாதம் எதைப் பற்றி நடந்தது? முள்ளிவாய்க்காலைப் பற்றியா? இல்லை. அந்த ட்வீட்டைப் பற்றி. பல லட்சம் பேரின் நியாயமான வலியை ஒரே ஒரு கேவலமான ட்வீட் மூடிப்போட்டது. "பாருங்க, இவங்க எதிர்ப்பு இப்படித்தான்" என்று சொல்ல எதிராளிக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

"அவங்க பண்றாங்களே, நாம பண்ணா என்ன தப்பு?" என்று கேட்கிற தம்பிகளுக்கு இதுதான் பதில். அவர்களிடம் பணம் இருக்கிறது, சேனல் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. அசிங்கமாகச் சண்டை போட்டாலும் அவர்களுக்கு நஷ்டம் குறைவு. நம்மிடம் இருப்பது நியாயம் ஒன்றுதான். அதையும் ஒரு கமெண்டுக்காக விற்றுவிட்டால் பிறகு எதை வைத்து நிற்பது?

இன்னொரு நஷ்டமும் உண்டு. எதிர்க்கட்சிப் பெண்ணை நீங்கள் ஆபாசமாகத் திட்டும்போது அவர் அதைப் பார்ப்பாரோ மாட்டாரோ, உங்கள் தெருவில் கட்சிக்கு வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெண் பார்க்கிறார். "நாளைக்கு நான் இவங்களோட ஒரு விஷயத்துல முரண்பட்டா எனக்கும் இதுதானே" என்று நினைக்கிறார். மெதுவாக விலகிப்போகிறார். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

■ ஆள் பலத்தையும் பாருங்கள்

ஒரு அமைச்சரை ஐயாயிரம் பேர் விமர்சிப்பதும், இருநூறு ஃபாலோயர் இருக்கும் ஒரு கல்லூரி மாணவனை ஐயாயிரம் பேர் விமர்சிப்பதும் ஒன்று இல்லை. அமைச்சர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், மக்கள் வரிப்பணத்தில் பதவியில் இருப்பவர். அந்த மாணவன் ஏதோ கோபத்தில் நம் தலைவரைத் திட்டி ஒரு கமெண்ட் போட்டிருப்பான். அதை ஒரு பெரிய பக்கம் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு "கவனிச்சுக்குங்க" என்று எழுதினால் போதும். மறுநாள் அவன் படிக்கும் கல்லூரி, அப்பா வேலை பார்க்கும் இடம், தங்கையின் இன்ஸ்டாகிராம் எல்லாம் வெளியே வந்துவிடும். தாக்கியவர் ஒவ்வொருவரும் "நான் ஒரே ஒரு கமெண்ட்தானே போட்டேன்" என்பார். வாங்கியவனுக்கு அது ஐயாயிரம்.

எனவே இந்த அதிகாரப்பூர்வப் பக்கம் உங்கள் முன்னால் ஒரு உறுதி சொல்கிறது. பதவியிலோ பொதுவாழ்விலோ இல்லாத ஒரு தனிநபரின் பதிவுக்கு மறுப்பு எழுத நேர்ந்தால், பெயரையும் படத்தையும் மறைத்துத்தான் எழுதுவோம். கருத்துக்குப் பதில் சொல்வோம். ஆளைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

■ தோழர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கொள்கையை அடியுங்கள், புள்ளிவிவரத்தை அடியுங்கள், பொய்யை அடியுங்கள். உடம்பு, நிறம், உடை, சாதி, மதம், மாற்றுத்திறன், திருமண வாழ்க்கை ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

2. குடும்பத்தை இழுக்காதீர்கள். அரசியலில் இல்லாத மனைவி, கணவர், அம்மா, குழந்தை யாரும் விவாதப் பொருள் இல்லை.

3. போன் நம்பர், முகவரி, வண்டி எண், வேலை பார்க்கும் நிறுவனம் எதையும் வெளியிடாதீர்கள். வெளியிட்டதைப் பகிராதீர்கள்.

4. மார்ஃபிங் படம், ஏ.ஐ. வைத்துத் தயாரித்த வீடியோ, வெட்டி ஒட்டிய பேச்சு, "சும்மா ஜாலிக்கு" என்றாலும் வேண்டாம். முழு வீடியோவைப் பார்க்காமல் அரை நிமிட கிளிப்பை நம்பாதீர்கள்.

5. எதிராளி மன்னிப்புக் கேட்டால், பதிவை நீக்கினால், அத்தோடு விடுங்கள். திருத்திக்கொள்கிறவரைத் துரத்தினால் நாளைக்கு எவனும் திருத்திக்கொள்ள மாட்டான்.

6. நம் தோழர் ஒருவர் எல்லை மீறினால் "அண்ணே, எடுத்துடுங்க" என்று இன்பாக்ஸில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மாவட்ட சமூக ஊடகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது, கட்சியைக் காப்பாற்றும் வேலை. கொடியை டிபியில் வைத்துக்கொண்டு பெண்களை ஆபாசமாகப் பேசுகிறவர் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் நடவடிக்கை உண்டு.

■ உங்கள் மீது தாக்குதல் வந்தால்

பயந்து உடனே பதிவை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், லிங்க், தேதி, நேரம் தெரிய வேண்டும். அந்தத் தளத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள். 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண் இருக்கிறது, மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். கட்சியின் வழக்கறிஞர் அணி உடன் வரும். முக்கியமாக, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தனியாக உட்கார்ந்து அந்தக் கமெண்டுகளைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்ணை இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். மிரட்டலுக்கு 351. ஆபாசம் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இவை ஒழுங்காக அமலானாலே போதும்.

அதனால்தான் "ஆன்லைன் வன்முறையைத் தடுக்கப் புதுசா கடுமையான சட்டம் கொண்டு வாங்க" என்று யாராவது சொன்னால் நாம் உஷாராக இருக்க வேண்டும். 2008-இல் கொண்டுவந்த 66ஏ பிரிவும் "தொல்லை தரும்" செய்திகளைத் தடுக்கத்தான் வந்தது. கடைசியில் அது ஃபேஸ்புக் பதிவுக்கும் கார்ட்டூனுக்கும்தான் பாய்ந்தது. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தான பிரிவின் கீழ் போலீஸ் தொடர்ந்து வழக்குப் போட்டுவருவது 2021-இல் தெரிந்து உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. பொத்தாம் பொதுவான சட்டம் எப்போதும் பலவீனமானவன் மீதுதான் முதலில் பாயும். மிரட்டலைத் தண்டியுங்கள், கருத்தைத் தண்டிக்காதீர்கள். இதுதான் நம் நிலைப்பாடு.

■ கடைசியாக ஒரு கேள்வி

அடுத்த முறை உங்கள் டைம்லைனில் ஒரு சண்டை வரும்போது, கமெண்ட் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பதிவில் இருக்கும் பெயரை மட்டும் மாற்றிப் படியுங்கள். எதிர்க்கட்சித் தலைவர் பெயர் இருக்கும் இடத்தில் நம் தலைவர் பெயரைப் போடுங்கள். அவர்கள் வீட்டுப் பெண் இருக்கும் இடத்தில் நம் மகளிரணித் தோழர் ஒருவரை வையுங்கள். இப்போதும் அதே தீர்ப்பைத்தான் சொல்வீர்களா?

ஆமாம் என்றால் தைரியமாக எழுதுங்கள், எவன் தடுத்தாலும் கட்சி உங்கள் பின்னால் நிற்கும். இல்லை என்றால் போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ரத்தம் யாருக்கு வந்தாலும் ரத்தம்தான், தோழர்களே.

படித்தவர்கள் பகிருங்கள். உடன்படாதவர்கள் கமெண்டில் வாதம் செய்யுங்கள், வரவேற்கிறோம். வசவு மட்டும் நீக்கப்படும். அது எங்களை ஆதரித்து எழுதிய வசவாக இருந்தாலும்.

— சமூக ஊடகப் பிரிவு, தலைமை அலுவலகம்

#ஒரே_அளவுகோல் #விமர்சனம்_உரிமை #மிரட்டல்_குற்றம்